துடைப்பம் ஏந்திய துறவி

பொழுது புலரும் நேரம். ஊர் எல்லையில் ஒரு மனிதர் வந்து நிற்பார்.

உடம்பில் பல நிறத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்த கந்தல். தலையில் கவிழ்த்து வைத்த மண்சட்டி. ஒரு காதில் சோழி. மறு காதில் உடைந்த வளையல் துண்டு. கையில் விளக்குமாறு.

ஊர் நாய்கள் குரைக்கும். சிறுவர்கள் பைத்தியம் என்று கூவிக் கொண்டு பின்னால் ஓடுவார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஊர்ச் சாவடிக்கு முன்னால் குப்பை குவிந்து கிடக்கும். குனிந்து பெருக்கத் தொடங்கி விடுவார். சாவடி முடிந்ததும் தெரு. தெரு முடிந்ததும் சாக்கடை. அடைத்துக் கிடக்கும் சேற்றைக் கையால் அள்ளி வெளியே போடுவார். உச்சி வெயில் ஏறும் வரை இந்த வேலை நடக்கும்.

பிறகு ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று சோள ரொட்டி கேட்பார். தலையில் இருந்த மண்சட்டியே அப்போது உண்கலம். ஒரு துண்டு ரொட்டி, கொஞ்சம் காரம், ஒரு வெங்காயம். அவ்வளவுதான் சாப்பாடு. இரந்து உண்பவர் போலத் தோன்றினாலும், உழைக்காமல் ஒரு வேளை கூட அவர் உண்டதில்லை. பெருக்கியதற்குக் கூலிதான் அந்த ரொட்டி.

இரவில் அதே ஊரில் பெருங் கூட்டம் கூடும். மராத்தி நாட்டில் கீர்த்தனம் என்று சொல்வார்கள். நம் ஊர்க் கதாகாலட்சேபம் போன்றது. பெரிய மகான் வருகிறார் என்று ஊர்ப் பெரியவர்கள் மாலையும் தட்டுமாகக் காத்திருப்பார்கள். கூட்டம் கூடும் இடத்தை ஒருவர் பெருக்கிக் கொண்டிருப்பார். மகான் வரும் நேரமாயிற்று, சீக்கிரம் ஒதுங்கு என்று அவரை விரட்டுவார்கள். அவர் விளக்குமாற்றை ஓரமாகச் சாத்தி விட்டு மேடை ஏறுவார். அப்போதுதான் தெரியும், அந்த மகான் இவர்தான் என்று!

இப்படி ஒரு முறையல்ல, பல முறை நடந்தது என்று மராட்டியத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

அவர்தான் காட்கே பாபா. காட்கே என்றால் மராத்தியில் மண்சட்டி. சட்டிச் சாமியார் என்று நாம் சொல்வோமே, அது போன்ற பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு.

சலவைத் தொழிலாளி மகன்

இன்றைய மராட்டிய மாநிலத்தில் விதர்ப்பம் என்று ஒரு பகுதி உண்டு. பருத்தி விளையும் கரிசல் பூமி. அங்கே அமராவதி மாவட்டத்தில் ஷேண்ட்காவ் என்ற சிற்றூர். 1876-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி அங்கே ஒரு சலவைத் தொழிலாளியின் வீட்டில் அந்தக் குழந்தை பிறந்தது. தகப்பனார் ஜிங்கராஜி. தாயார் சக்குபாய். பிள்ளைக்கு தேபூஜி என்று பெயரிட்டார்கள்.

ஊரார் அழுக்கை வெளுப்பது அந்தக் குலத்தின் தொழில். வெளுத்த துணியை வாங்கி உடுத்துகிறவர்கள், வெளுத்தவனை வீட்டுக்குள் விட மாட்டார்கள். அன்றைய வழக்கம் அப்படி.

ஜிங்கராஜி குடிக்கு அடிமையானார். அந்தக் குலத்தில் தேவதைக்குப் படையல் என்றாலும் சாராயம், பிள்ளை பிறந்தாலும் சாராயம், சாவு விழுந்தாலும் சாராயம். இருந்தது எல்லாம் போயிற்று. உடம்பும் போயிற்று. மகனுக்கு விவரம் தெரியத் தொடங்கும் வயதில் அவர் கண்ணை மூடி விட்டார்.

கைம்பெண்ணான சக்குபாய் பிள்ளையை அழைத்துக் கொண்டு தாபுரே என்ற ஊரில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போனாள். அங்கே தேபூஜியின் தாய்மாமனுக்கு நிலமும் மாடும் இருந்தன. பையனைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாடு மேய்க்க அனுப்பினார்கள்.

மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுவதும், சாணி அள்ளுவதும், மாட்டைக் குளிப்பாட்டுவதும் பையனுடைய வேலை. மற்றப் பையன்கள் முகம் சுளிக்கும் வேலை அது. தேபூஜிக்கு அதில் ஒரு பிடிப்பு ஏற்பட்டது. தொழுவம் பளிச்சென்று இருக்க வேண்டும். மாட்டின் உடம்பில் ஒரு பொட்டுச் சாணம் ஒட்டியிருக்கக் கூடாது. வளர்ந்த பிறகு ஏர் பிடித்தான். வேலையில் அவனுக்கு ஈடு அந்தச் சுற்று வட்டாரத்தில் இல்லை என்று பெயர் எடுத்தான். இரவில் நண்பர்களைச் சேர்த்துக் கொண்டு பஜனை பாடுவான்.

1892-ல் அவனுக்குத் திருமணம் நடந்தது. மனைவியின் பெயர் குந்தாபாய்.

கைநாட்டு வைத்த நிலம்

தாய்மாமன் லேவாதேவிக்காரரிடம் கடன் வாங்கி இருந்தார். வாங்கியது எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. எழுதிய காகிதத்தில் இருப்பதைப் படிக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். ஒரு நாள் நிலம் கடன்காரருக்குச் சொந்தம் என்று ஆகி விட்டது. மாமன் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, மண்ணோடு மண்ணாகப் புரண்டு உழைத்த நிலம் அது. தேபூஜியின் மனத்தில் அந்த அடி ஆறவே இல்லை. பின்னாளில் ஊர் ஊராகப் போய் அவர் சொன்ன செய்திகளை எண்ணிப் பார்த்தால் இந்த வீட்டின் கதைதான் அவற்றில் இருக்கும். கடன் வாங்காதே. குடிக்காதே. சாப்பிடுகிற தட்டை விற்றாவது பிள்ளையைப் படிக்க வை. தட்டு இல்லாவிட்டால் ரொட்டியைக் கையில் வைத்துத் தின்னலாம். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்து வந்ததல்ல. அவருக்கு எழுத்து வாசனையே கிடையாது.

முதல் பெண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டு விழாவுக்கு உறவினர்கள் கூடினார்கள். ஆடு வெட்ட வேண்டும், சாராயம் ஊற்ற வேண்டும். அதுதான் குல வழக்கம். தேபூஜி இரண்டையும் செய்யவில்லை. இனிப்புப் பலகாரத்தோடு சைவச் சாப்பாடு போட்டார். உறவினர்கள் கொதித்தார்கள். குல தேவதை கோபிக்கும் என்றார்கள். தேவதையின் கோபத்தை விட, குடித்துச் செத்த தகப்பனாரின் நினைவு அவருக்குப் பெரிதாக இருந்தது.

அந்தக் காலம் மக்களுக்குப் பொல்லாத காலம். 1896-ல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. 1899-ல் தொடங்கிய கொடும் பஞ்சத்தில் விதர்ப்பமும் தவித்தது. காலரா அடிக்கடி வந்து போகும். ஒரு தெருவில் வாந்தி பேதி கண்டால் ஊரே காலி செய்து கொண்டு ஓடும். அம்மன் கோபம் என்று கோழி அறுப்பார்கள், கிடா வெட்டுவார்கள். தெரு ஓரத்து மலமும், கிணற்றடிச் சாக்கடையும் அப்படியே கிடக்கும்.

1905-ம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி. தேபூஜிக்கு அப்போது வயது 28. தாயையும் மனைவியையும் குழந்தைகளையும் விட்டு விட்டு வீட்டை விட்டு வெளியேறினார். உடுத்தியிருந்தது கந்தல். கையில் ஒரு தடியும் ஒரு மண்சட்டியும்.

காடு வேண்டாம், தெரு போதும்

வீட்டைத் துறந்தவர்கள் காட்டுக்குப் போவார்கள். மலைக் குகையைத் தேடுவார்கள். மடத்தில் சேர்ந்து காவி கட்டுவார்கள். தேபூஜி இவற்றில் எதையும் செய்யவில்லை. காட்கே பாபா ஆகி, ஊருக்குள் போனார். அதுவும் ஊரின் அழுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே போனார்.

பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தார். வழியில் சேற்றில் அமிழ்ந்த வண்டியைக் கண்டால் தோள் கொடுப்பார். அறுவடை நடக்கும் வயலில் இறங்கி அரிவாள் பிடிப்பார். வேலை முடிந்ததும் யார் என்று கேட்பதற்குள் நடையைக் கட்டி விடுவார். சில இடங்களில் திருடன் என்று அடித்திருக்கிறார்கள். பதில் பேச மாட்டார்.

விளக்குமாறுதான் அவருக்கு நிலைத்த தொழில் ஆயிற்று. காரணம் எளிது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த வேலை காத்துக் கொண்டிருந்தது. அதைச் செய்ய யாரும் போட்டிக்கு வரவில்லை!

ஊர் பெருக்குகிற வேலை அன்று யார் செய்கிற வேலை? தீண்டத் தகாதவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் செய்கிற வேலை. அவர்கள் ஒரு நாள் கையை மடக்கினால் ஊர் நாறி விடும். ஆனாலும் அவர்களுக்குப் பொதுக் கிணற்றில் தண்ணீர் கிடையாது. அந்த வேலையைப் பிறப்பு அவர்கள் மீது சுமத்தியது. காட்கே பாபாவோ அதைத் தாமாக எடுத்துக் கொண்டார். இந்த வேறுபாட்டை மறந்து விடக் கூடாது. தாமாக எடுத்தவரின் காலில் விழ ஊர் ஓடி வந்தது. பிறப்பால் அதே வேலையைச் செய்தவன் எட்டியே நிற்க வேண்டியிருந்தது.

இதைப் பாபாவும் அறிந்திருந்தார். அதனால்தான் யாராவது காலைத் தொட வந்தால் தடியை ஓங்குவார். சில சமயம் அடியும் விழும். எனக்குச் சீடன் கிடையாது, நான் யாருக்கும் குரு கிடையாது என்பார். கும்பிட வந்தவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து விடுவார். பட்டேல்காரரும் வணிகரும் வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு தங்கள் தெருச் சாக்கடையைத் தாங்களே தோண்டிய காட்சி பல ஊர்களில் நடந்தது. மகான் இரவில் பேச வேண்டுமானால் பகலில் ஊர் சுத்தமாக வேண்டும். அதுதான் அவர் கேட்ட தட்சிணை.

கடன் தீர்க்கும் துறை

விதர்ப்பத்தில் பூர்ணா நதிக்கரையில் ருணமோசன் என்று ஒரு தலம் இருக்கிறது. பெயருக்குப் பொருள், கடன் நீக்கம். தை மாதத்தை ஒட்டி அங்கே திருவிழா நடக்கும். கரை முழுவதும் கரிசல் சேறு. குளித்து விட்டு ஏறுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். வயதானவர்களும் பெண்களும் படும் பாடு சொல்லி முடியாது.

கந்தல் உடுத்திய மனிதர் ஒருவர் மண்வெட்டியோடு அங்கே இறங்கினார். சேற்றை வெட்டித் தள்ளினார். கல்லும் கட்டையும் போட்டு மிதிக்க வழி செய்தார். பிறகு பார்த்தவர்கள் சேர்ந்தார்கள். பணம் உள்ளவர்கள் பணம் தந்தார்கள். அங்கே கல் படித்துறை எழுந்தது.

அந்தத் திருவிழாவுக்கு வந்த தாயும் மனைவியும் அவரைக் கண்டு பிடித்தார்கள். வீட்டுக்கு வா என்று அழுதார்கள். அவர் போகவில்லை.

இந்த இடத்தில் குந்தாபாயைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயமல்ல. கணவர் ஊருக்குப் பிள்ளையானார். அவள் குழந்தைகளோடு குடிசையில் வாழ்ந்தாள். பின்னாளில் லட்சக் கணக்கான ரூபாயில் சத்திரங்கள் எழுந்தன. அவற்றில் எதிலும் தம் உறவினர் எவருக்கும் எள்ளளவும் உரிமை இல்லை என்று பாபா எழுத்து மூலம் செய்து வைத்து விட்டார். ஊர்ப் பணத்தில் உறவு கலந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அந்த நேர்மையை நாடு புகழ்கிறது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்களில் முதலில் நின்றவள் குந்தாபாய்.

1923-ம் ஆண்டு மே மாதம். கொங்கணப் பகுதியில் காரேபாட்டண் என்ற ஊரில் கீர்த்தனம் நடந்து கொண்டிருந்தது. மகன் கோவிந்தன் இறந்து விட்டான் என்ற செய்தி வந்தது. பாபாவுக்கு அதைப் படித்துச் சொன்னார்கள். ஒரு கணம் நின்றார். பிறகு கீர்த்தனத்தைத் தொடர்ந்தார். எத்தனையோ தாய்மார்களின் பிள்ளைகள் இறக்கிறார்கள். ஒருவனுக்காக நான் அழுவதா என்ற பொருள்படப் பேசினார் என்று அங்கே இருந்தவர்கள் சொல்லி வந்தார்கள். அவர் மனத்துக்குள் என்ன நடந்தது என்பதை யார் அறிவார்?

கோயிலுக்கு வெளியே

பண்டரிபுரம் மராட்டியர்களின் பெரும் புண்ணியத் தலம். ஆடி மாதத்து ஏகாதசிக்கும் கார்த்திகை ஏகாதசிக்கும் பல லட்சம் பேர் கால்நடையாக வந்து சேருவார்கள். விட்டல நாமம் வானைப் பிளக்கும்.

அவ்வளவு பேரும் எங்கே காலைக் கடன் கழிப்பார்கள்? சந்திரபாகை நதியின் மணலில்தான். அந்த ஆற்றிலேயே குளிப்பார்கள். அந்தத் தண்ணீரையே குடிப்பார்கள். மலத்தில் இருக்கும் காலராக் கிருமி தண்ணீரில் கலந்து இன்னொருவர் வயிற்றில் இறங்கும். அவர் அதைத் தம் ஊருக்கு எடுத்துப் போவார். பண்டரிபுரத் திருவிழாவும் காலராவும் சேர்ந்து வரும் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் அஞ்சிய காலம் உண்டு.

காட்கே பாபாவும் திருவிழா தவறாமல் பண்டரிபுரம் போவார். ஆனால் கோயிலுக்குள் போய் விட்டலனைத் தரிசிக்க மாட்டார். விளக்குமாறும் கூடையுமாக ஆற்று மணலில் இறங்குவார். கிடக்கும் மலத்தை அள்ளுவார். குழி தோண்டிப் புதைப்பார். மண்ணைப் போட்டு மூடுவார். அவருடன் ஒரு கூட்டமே சேர்ந்து அந்த வேலையைச் செய்யும். லட்சம் பேர் மூக்கைப் பிடித்துக் கொண்டு தாண்டிப் போன இடத்தில், சிலர் உட்கார்ந்து வேலை செய்தார்கள். இரவானால் அதே மணலில் கீர்த்தனம்.

கோயிலுக்குள் அவர் போகாததற்கு இன்னொரு காரணமும் நினைத்துப் பார்க்கத் தக்கது. அந்தக் கோயிலில் தீண்டப்படாதவர்களுக்கு அன்று இடம் இல்லை. சில நூற்றாண்டுகளுக்கு முன் சோகாமேளர் என்ற பக்தர் வாழ்ந்தார். மகார் குலத்தில் பிறந்தவர். நம் நந்தனாரைப் போல வெளியே நின்று ஏங்கியவர். அவர் சமாதி கோயில் படிக்குக் கீழேதான் இருக்கிறது. 1947-ல் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் அந்தக் கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1917-ல், பண்டரிபுரத்தில் சோகாமேளர் பெயரால் ஒரு சத்திரத்தைக் கட்டினார் பாபா. மழையிலும் வெயிலிலும் திறந்த வெளியில் கிடந்த ஒடுக்கப்பட்ட யாத்திரிகர்களுக்காக எழுந்த சத்திரம் அது. தமக்கு என்று ஒரு ஓலைக் குடிசை கூட வைத்துக் கொள்ளாதவர், நாசிக், தேகு, ஆளந்தி என்று யாத்திரைத் தலங்களில் எல்லாம் சத்திரங்கள் எழுப்பினார். கட்டி முடிந்த சத்திரத்துக்குள் அவர் தங்க மாட்டார். வெளியே மரத்தடியில் படுத்துக் கொள்வார். பணத்தைக் கையால் தொடுவதும் இல்லை. வரவு செலவைப் பொறுப்பானவர்கள் பார்த்துக் கொண்டார்கள்.

கேள்வி கேட்கும் காலட்சேபம்

அவருடைய கீர்த்தனத்தில் சுலோகம் இருக்காது. சாஸ்திர விளக்கம் இருக்காது. விதர்ப்பத்துக் குடியானவர்கள் பேசுகிற கொச்சை மராத்தியில் பேசுவார். கோபாலன் பெயரைப் பாடித் தொடங்குவார். கூட்டம் சேர்ந்து பாடும். பிறகு கேள்வி பிறக்கும்.

சாமிக்குப் படையல் வைக்கிறீர்களே, நாய் வந்து அதைத் தின்றால் சாமி விரட்டுகிறதா என்று கேட்பார். இல்லை என்று கூட்டம் சொல்லும். நாய் அந்தக் கல் மேலேயே காலைத் தூக்கினால்? அப்போதும் சாமி சும்மா இருக்கிறது என்று கூட்டம் ஒப்புக் கொள்ளும். தன்னையே காத்துக் கொள்ளாத கல்லுக்கு ஏன் ஆட்டை வெட்டுகிறாய் என்று முடிப்பார். கூட்டம் குலுங்கிச் சிரிக்கும். மறு வருஷம் அந்த ஊரில் சில கிடாக்கள் உயிர் பிழைத்திருக்கும்.

வீட்டில் சாணிக் குழியை எங்கே வைக்க வேண்டும், குடிநீர்ப் பானையை எப்படி மூட வேண்டும், மகளின் கலியாணத்துக்காக ஏன் கடன் வாங்கக் கூடாது என்பதெல்லாம் அவருடைய வேதாந்தம். பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், ஆடை இல்லாதவனுக்குத் துணி, ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு, நோயாளிக்கு மருந்து. இவைதான் கடவுள் வழிபாடு என்று சொல்வார்.

சொன்னதோடு நிற்கவில்லை. மூர்த்திஜாபூரில் பசுப் பாதுகாப்பு நிலையம், சத்திரம், பள்ளி என்று வரிசையாக எழுந்தன. கல்விக்காகப் பாடுபட்ட பாவூராவ் பாட்டீலுக்கும் இவருக்கும் நெருங்கிய நட்பு. பாட்டீலின் ரயத் கல்விச் சங்கம் 1954-ல் காராட் நகரில் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. அதற்குப் பெயர் சத்குரு காட்கே மகராஜ் கல்லூரி! பள்ளி வாசலையே மிதிக்காதவர் பெயரில் ஒரு கல்லூரி.

பம்பாயில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கிராமத்திலிருந்து நோயாளியைத் தூக்கிக் கொண்டு வருகிறவர்கள் தங்க இடம் இன்றி நடைபாதையில் கிடப்பார்கள். ஜே. ஜே. ஆஸ்பத்திரியை ஒட்டி அவர்களுக்காக ஒரு சத்திரம் எழுந்தது. இந்தப் பணிகளை எல்லாம் தொடர்ந்து நடத்த 1952-ல் காட்கே மகராஜ் மிஷன் என்ற அமைப்பு ஏற்பட்டது.

இரண்டு கம்பளிகள்

பெரிய மனிதர்கள் அவரைத் தேடி வந்தார்கள். காந்தியடிகள் அவரைச் சந்தித்துப் பேசினார். பம்பாய் மாகாண முதலமைச்சராக இருந்த பி. ஜி. கேர் அவரிடம் மிகுந்த மதிப்பு வைத்திருந்தார். பிரபோதன்கார் தாக்கரே அவருடைய வாழ்க்கை வரலாற்றை மராத்தியில் எழுதினார்.

ஆனால் பாபாவின் மனத்தில் தனி இடம் பெற்றவர் டாக்டர் அம்பேத்கர். ஒருவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துப் பட்டங்கள் பெற்றவர். மற்றவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர். ஒருவர் கோயிலும் சடங்கும் வேண்டாம் என்று அறிவால் வாதாடினார். மற்றவர் அதையே கோபாலன் பெயரைப் பாடிக் கொண்டு சொன்னார்.

1949-ம் ஆண்டு ஜூலையில் பாபா பம்பாயில் நோயுற்றுக் கிடந்தார். அப்போது அம்பேத்கர் மத்திய சட்ட மந்திரி. டில்லிக்குப் புறப்பட இருந்தவர், செய்தி கேட்டதும் பயணத்தை நிறுத்தி விட்டு இரண்டு கம்பளிகளோடு ஓடி வந்தார் என்று சொல்வார்கள். யாரிடமும் எதையும் வாங்காத பாபா, அந்தக் கம்பளிகளை வாங்கிக் கொண்டார். நீங்கள் ஏன் வந்தீர்கள், உங்களுடைய ஒரு நிமிஷமும் விலை உயர்ந்தது ஆயிற்றே என்று வருந்தினார். பண்டரிபுரத்தில் தாம் கட்டிய சோகாமேளர் சத்திரத்தை அம்பேத்கரின் மக்கள் கல்விச் சங்கத்துக்குக் கொடுத்தார். யாத்திரிகர் சத்திரம் மாணவர் விடுதி ஆயிற்று. கோயில் வாசலில் காத்துக் கிடந்தவர்களின் பேரப் பிள்ளைகள் அங்கே விளக்கேற்றி வைத்துப் படித்தார்கள்.

1956-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி அம்பேத்கர் காலமானார். அந்தச் செய்தி பாபாவை உலுக்கி விட்டது. ஏற்கெனவே நோயால் தளர்ந்திருந்த உடம்பு. மகன் செத்த செய்திக்குக் கலங்காதவர் இந்தச் செய்திக்குக் கலங்கினார் என்று அவருடன் இருந்தவர்கள் சொல்லி இருக்கிறார்கள்.

பேடி ஆற்றங்கரையில்

உடல்நிலை மோசமாயிற்று. பாபாவை மோட்டார் காரில் அமராவதிக்குக் கொண்டு போனார்கள். டிசம்பர் 20-ந் தேதி நள்ளிரவை ஒட்டிய நேரம். அமராவதிக்கு அருகே வல்காவ் என்ற ஊர். அங்கே பேடி ஆற்றுப் பாலத்தை நெருங்கியபோது காருக்குள்ளேயே உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 80. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெருவிலேயே வாழ்ந்தவரின் மூச்சு, ஒரு தெருவில்தான் அடங்கியது.

அமராவதியில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தப் பகுதிக்குக் காட்கே நகர் என்று பெயர் ஏற்பட்டது.

1977-ல் அவருடைய வாழ்க்கை மராத்தியில் திரைப்படமாக வந்தது. டாக்டர் ஸ்ரீராம் லாகு பாபாவாக நடித்தார். 1998-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அமராவதிப் பல்கலைக் கழகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2000-ம் ஆண்டு தொடங்கி, மராட்டிய அரசு கிராமங்களுக்கு இடையே துப்புரவுப் போட்டி நடத்தி, சிறந்த ஊர்களுக்குப் பரிசு கொடுத்தது. அந்த இயக்கத்துக்கும் காட்கே பாபா பெயர்தான். பரிசுக்காகக் கக்கூசு கட்டிய ஊர்களும் உண்டு. பரிசு வாங்கிய பிறகு அதைப் பூட்டி வைத்த ஊர்களும் இருந்திருக்கலாம். பாபா இருந்திருந்தால் தடியை எடுத்திருப்பார்!

ஆஸ்பத்திரிச் சத்திரங்களின் வேலை மட்டும் ஓயவில்லை. பம்பாய் மும்பை ஆன பிறகும், புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்துக் கொள்ள வரும் வெளியூர் ஏழைகள் தாதர் பகுதியில் உள்ள காட்கே மகராஜ் சத்திரத்தைத் தேடிப் போகிறார்கள். மூட்டை முடிச்சோடு படியேறும் அவர்களில் பலர் பாபாவின் பெயரை அங்கேதான் முதன் முதலாகக் கேட்கிறார்கள்.

இறப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன், 1956 நவம்பர் 8-ந் தேதி, பம்பாயில் பாந்திரா போலீஸ் நிலையத்தில் அவருடைய கடைசிக் கீர்த்தனம் நடந்தது. போலீஸ்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்டார்கள். யாரோ அதை ஒலிப்பதிவுக் கருவியில் பிடித்து வைத்தார்கள். தளர்ந்த உடம்பு, தளராத குரல். கோபாலன் பெயரைப் பாடுகிறார். கூட்டம் திருப்பிப் பாடுகிறது. பிறகு அந்தக் கொச்சை மராத்தியில் கேள்விகள் தொடங்குகின்றன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாயா என்று கேட்கிறார்.